முருங்கை குடித்த நல்ல தண்ணீர்

ஆசை மச்சானுக்கு,

சலாம். பதில் வராது என்று தெரிந்தும், சொல்லிவிட்டுக் காது கொடுத்தபடி இருக்கிறேன். கேட்பது உங்கள் வடிகட்டி சொட்டும் சத்தம் மட்டும்தான். மதியத்தில் மீன்தொட்டி வெளிச்சம் சுவரில் அசையும்போது, அடுத்த அறையில் நீங்கள் வாளி மாற்றிக்கொண்டிருப்பதாகவே தோன்றுகிறது.

மேலப்பாளையத்தில் நம் வீட்டுப் போர் தண்ணீர் வாயில் வைக்க முடியாத உப்பு. குழாயில் வரும் ஆற்றுத் தண்ணீர் குடிக்கவே காணாது. அதனால் உங்கள் டிஸ்கஸ் மீன்களுக்கென்று போர் தண்ணீரை வடிகட்ட மெஷின் மாட்டினீர்கள். "மனுசன் குளிக்கது உப்புத் தண்ணி, மீனுக்கு மட்டும் பன்னீரா?" என்று உங்கள் உம்மா, என் மாமி, சண்டை பிடித்தது நினைவிருக்கிறதா?

நீங்கள் மவுத்தாகி மண்ணுக்குப் போன பிறகு, நாலு மாதம் பத்து நாள் நான் இத்தாவில் இருந்தேன். வாசல்படி தாண்டக் கூடாது, வெளி ஆண்கள் கண்ணில் படக் கூடாது. அந்த நேரம் பார்த்துத்தானா வடிகட்டிக்குள் உப்பைப் பிரிக்கும் மெம்பிரேன் உருளை அடைத்துக்கொள்ள வேண்டும்? உப்பை அளக்கும் உங்கள் மீட்டரில் எண் ஏறிக்கொண்டே போனது. மீனை யாருக்காவது கொடுத்துவிடு என்றார்கள் சொந்தக்காரர்கள். உங்கள் கை பார்த்து வளர்ந்த உயிர்கள் மச்சான், அவையும் போய்விட்டால் இந்த வீட்டில் எனக்கு என்ன இருக்கிறது? மாட்டேன் என்றேன்.

மெக்கானிக் அண்ணாச்சி புது மெம்பிரேனோடு வந்தார். வாசலுக்கு வெளியே அவர், அடுப்படியில் நான், நடுவில் மாமி.

"யம்மா, மொதல்ல தண்ணி லைன அடைக்கச் சொல்லுங்க. பெறவு மூடியக் கழத்தி, உள்ள இருக்க உருளையப் பைய இழுக்கணும்."

"பைய இழுக்கணுமாம் பிள்ள. ஒடச்சிராத."

எனக்கு வலு போதவில்லை, மாமியும் வந்து பிடித்தார். இருவருமாக இழுத்த இழுப்பில் உருளை கையோடு வர, நாங்கள் தரையில் உட்கார்ந்துவிட்டோம். நீங்கள் போன பிறகு அன்றுதான் சிரித்தோம். சிரித்துக்கொண்டே அழுதோம்.

புதியதை மாட்டினோம். அண்ணாச்சியும் போய்விட்டார். வெளியே வரும் குழாய் இரண்டு, கழற்றி மாட்டியதில் எது எதற்கென்று குழம்பிவிட்டது. ஒன்றில் தண்ணீர் தாராளமாக வந்தது, மற்றதில் சொட்டுச் சொட்டாக. தாராளமாக வருவதுதான் நல்ல தண்ணீர் என்று நாங்களே முடிவு கட்டி மீனுக்கு ஊற்றினோம். சொட்டியது கழிவுதானே என்று முருங்கைக்கு ஊற்றினோம்.

மீன்கள் கறுத்தன. இரை எடுக்காமல் மூலையில் ஒதுங்கின. தொட்டியில் மீட்டரை வைத்தால், போர் தண்ணீரைவிட அதிக உப்பு. சொட்டுத் தண்ணீரில் வைத்தேன், எண் மளமளவென்று இறங்கியது. "நல்லத எல்லாம் முருங்கைக்கு ஊத்தியிருக்கோமே," என்று மாமி தலையில் கைவைத்தார். நீங்கள் இருந்திருந்தால் எத்தனை காலம் கேலி செய்திருப்பீர்கள்?

ஒரேயடியாக மாற்றினால் மீன் தாங்காது என்று நீங்கள் சொன்னது ஞாபகம் வந்தது. தினமும் கொஞ்சம் இறைத்து, கொஞ்சம் ஊற்றினோம். மாமி தஸ்பீஹ் மணியோடு தொட்டி முன்னால் உட்கார்ந்துகொள்வார். பன்னீரா என்று கேட்ட அதே வாய் மீனுக்காக துஆ கேட்டது. மெல்ல மெல்ல மீன்களுக்கு நிறம் திரும்பியது.

நேற்று இத்தா முடிந்தது மச்சான். "எங்க போகணும் பிள்ள?" என்றார் மாமி. ஆற்றைப் பார்க்கணும் என்றேன். ஆட்டோ வந்து வாசலில் நின்றது. கிளம்பும்முன் தொட்டியை ஒரு தடவை பார்த்தேன். மீன் முட்டையிட நீங்கள் உள்ளே வைத்த மண்கூம்பில் முட்டைகள். எப்போதும் வெளுத்துப்போகுமே, நீங்களும் முகம் வாடி நிற்பீர்களே, இந்தத் தடவை அப்படியில்லை. கண்ணாடியில் மூக்கை ஒட்டிப் பார்த்தேன். சின்னச் சின்ன வால்கள் துடிக்கின்றன.

ஆட்டோவைத் திருப்பி அனுப்பிவிட்டேன். வெளியே போகக் கூடாது என்று இருந்த வீட்டில் இன்று வெளியே போக மனமில்லாமல் இருக்கிறேன்.

குஞ்சுகள் தாய் தகப்பன் உடம்பில் ஒட்டிக்கொண்டு, அதில் ஊறும் வழவழப்பை மேயும் என்பீர்கள். நீங்கள் பார்க்கக் காத்திருந்த அதை, உங்களுக்கும் சேர்த்து நான் பார்ப்பேன். மெம்பிரேன் மறுபடி அடைத்தால் நானே கழற்றுவேன். இந்த வீட்டில் அந்தச் சொட்டு நிற்காது.

உங்கள் மாமன் மகள்,
என்றைக்கும் உங்கள் வீட்டுக்காரி