இரங்கல் செய்தியில் என் பெயர்

வியாழன் இரவு, திண்டிவனம்.

ஓய்வுபெற்றோர் சங்க இணையதளத்தில் இரங்கல் செய்தி போடுவது என் பொறுப்பு. மாதிரி வாசகத்தில் என் பெயரையே வைத்திருந்தேன். உயிரோடிருக்கும் வேறொருவர் பெயரை வைக்க மனம் வரவில்லை. நான் எழுதிய ஜாவாஸ்கிரிப்ட் நிரல் அதை எடுத்துவிட்டு இறந்தவர் பெயரைப் போடும். இன்று சங்க உறுப்பினர் ராமலிங்கம் போய்விட்டார். ஆனால் முதல் வரியில் மட்டுமே பெயர் மாறியது. கடைசி வரியில் இறந்திருந்தவன் நான்.

செய்தியைப் பார்த்துவிட்டு விழுப்புரத்திலிருந்து நண்பன் தனபால் போன் செய்தான். "யோவ், இருக்கியா? ரெண்டு மாலை வாங்கிக்கினு பஸ் ஏறிட்டேன். ஒண்ண என்னா பண்றது?"

"இருக்கேன்யா" என்றேன். அது எனக்கே உறுதியாகப் படவில்லை. நாளை முண்டியம்பாக்கம் ஆஸ்பத்திரியில் எனக்கு இதயப் பரிசோதனை.

எல்லா வரிகளிலும் மாறும்படி நிரலைத் திருத்தினேன். பிறகு அந்தப் பக்கத்தில் என் பெயரைத் தேடினேன். இல்லை என்று வந்தது. அந்த விடைதான் வேண்டியிருந்தது. ஆனாலும் படுக்கப் போகாமல் மறுபடி தேடினேன்.

இல்லை.