‘போறேன்’ என்று தட்டினால் திட்டும் கம்ப்யூட்டர்

என் பிரியத்துக்குரிய மச்சான்,

நீங்கள் இருக்கும் இடத்தில் கரண்ட் ஒழுங்காக வருகிறதா தெரியவில்லை. இங்கே ஆவுடையார்கோவிலில் வழக்கம்போலத்தான். உங்கள் தங்கச்சி சுகம், என்னைத் திட்டுவதில் ஒரு குறையும் இல்லை. நேற்று நான் கறுப்புத் திரையில் ஜெயித்துவிட்டேன். அதை உங்களிடம் சொல்லாமல் எனக்குச் சோறு இறங்கவில்லை.

நம் போட்டோ ஸ்டுடியோ கம்ப்யூட்டரில் நீங்கள் லினக்ஸைப் போட்ட நாளில் நான் என்ன சண்டை போட்டேன், ஞாபகம் இருக்கிறதா? வருகிறவர்கள் செருகும் பென்டிரைவிலிருந்தெல்லாம் வைரஸ் ஏறுகிறது என்றீர்கள். எனக்கு, கட்டளைகளைத் தட்டச் சொல்லும் அந்தக் கறுப்புத் திரையைப் பார்த்தாலே எரிச்சல். “மாப்ளே, மவுஸ விட்டுட்டு ஒரு நாளாவது தட்டிப் பாருங்க” என்பீர்கள். “தட்டுற வேலைய நீங்க பாருங்க, நான் கல்யாணப் பத்திரிகை அடிக்கிற வேலையப் பார்க்குறேன்” என்பேன்.

நீங்கள் போன பிறகு மூன்று மாதம் அந்தத் திரையைத் திறக்கவே இல்லை. ஒருநாள் டிஸ்க் நிறைந்துபோய், எடுத்த படத்தைச் சேமிக்க இடமில்லாமல் நின்றேன். வேறு வழியில்லாமல் history என்று தட்டினேன். நீங்கள் தட்டிய கட்டளைகளெல்லாம் வரிசையாக வந்தன. df -h போட்டால் எவ்வளவு இடம் மிச்சம் என்று தெரிந்தது. du -sh போட்டால் எந்த ஃபோல்டர் இடத்தைத் தின்கிறது என்று தெரிந்தது. அழிக்கும்போது rm பக்கத்தில் -i போட்டால், ஒவ்வொரு ஃபைலுக்கும் ‘அழிக்கவா’ என்று கேட்டுவிட்டுத்தான் அழிக்கிறது. பாதிப் பெயரை எழுதி டேப் கீயைத் தட்டினால் மீதியை அதுவே எழுதிக்கொள்கிறது. இத்தனை வருஷம் இதை ஏன் எனக்குக் காட்டவில்லை என்று கேட்க வாயெடுத்தேன். காட்டத்தான் செய்தீர்கள், நான்தான் பார்க்கவில்லை.

நீளமான கட்டளைகளுக்கு நீங்கள் வைத்திருந்த வீட்டுப் பெயர்களையும் அப்போதுதான் கண்டுபிடித்தேன். enga என்று தட்டி, பக்கத்தில் ஒரு பெயரைப் போட்டால் போதும். உள்ளே find ஓடி, பெரிய எழுத்து சின்ன எழுத்து பார்க்காமல் எல்லா ஃபோல்டரையும் துழாவிவிடும். இப்படியா பெயர் வைப்பார்கள் என்று அரைமணி நேரம் சிரித்தேன்.

நேற்றுக் காலை ஜெகதாப்பட்டினத்திலிருந்து மாரிமுத்து என்று ஒருவர் வந்தார். ஐஸ் பிளாண்டில் வேலை.

“அண்ணே, நாளைக்கி மகளுக்குக் கல்யாணம். எம் பொண்டாட்டி போட்டா ஒண்ணு வேணும். மேடையில வைக்கணும்.”

“வீட்ல இருக்குமே?”

“மழைத் தண்ணி எறங்கி எல்லாம் ஒட்டிக்கிருச்சு. அவ போய் ரெண்டு வருசமாச்சு. பாஸ்புக்குக்கு ஒங்க கடையிலதான் ஒரு தடவ எடுத்தோம். ஆத்தா மொகத்தப் பார்த்துட்டுத்தான் தாலி கட்டிக்குவேன்னு மக நிக்கிது. ரெண்டு மணி பஸ்ஸ விட்டா பொண்ணழைப்புக்குப் போய்ச் சேர முடியாதுண்ணே.”

பெயர் கேட்டேன். “ஒமையா” என்றார்.

உமையாள் என்று மனதுக்குள் திருத்திக்கொண்டேன். கல்யாணப் பத்திரிகைக்குப் பிழை திருத்தும் புத்தி எனக்கு, தெரியுமே. enga umaiyal என்று தட்டினேன். ஒன்றும் இல்லை. umayal, umaiyaal, எதற்கும் பதில் இல்லை. சரி, வெறும் uma என்று போட்டேன். மச்சான், ஊரில் உள்ள குமார்கள் அத்தனை பேரும் வந்து நின்றார்கள். kumar என்பதற்குள் uma ஒளிந்திருக்கிறது பாருங்கள். பின்னால் grep -vi kumar என்று சேர்த்து அவர்களை வெளியே அனுப்பினேன். அடுத்து முத்துமாரிகள் வந்தார்கள். ஒவ்வொரு படமாகத் திறந்து காட்டினேன். அவர் இல்லையென்று தலையை ஆட்டிக்கொண்டே இருந்தார். மணி பன்னிரண்டரை ஆகிவிட்டது. அவர் முகத்தைப் பார்க்க எனக்குத் தெம்பில்லை.

அந்த ஆத்திரத்தில், திரையை மூடிவிடலாம் என்று poren என்று தட்டிவிட்டேன். மூடுவதற்கு நீங்கள் வைத்த பெயர் vaaren. இது எனக்குத் தெரியும், கைதான் தவறிவிட்டது. திரையில் ஒரு வரி வந்தது. கொம்பு ஒரு பக்கம், கால் ஒரு பக்கம் என்று எழுத்துகள் தள்ளித் தள்ளி நின்றாலும் படிக்க முடிந்தது.

‘போறேன்னு சொல்லப்புடாது மாப்ளே. வாரேன்னு சொல்லுங்க.’

எனக்குக் கண் நிறைந்துவிட்டது. கூடவே சிரிப்பும் வந்துவிட்டது. நான் என்றைக்காவது தப்பாகத் தட்டுவேன் என்று எதிர்பார்த்து எழுதி வைத்திருக்கிறீர்களே.

மாரிமுத்து என் தோளுக்குப் பின்னால் நின்று படித்தார். “யாருண்ணே அது?”

“எம் மச்சான். அவருதான் அப்ப ஒங்க வீட்டம்மாவ எடுத்திருப்பாரு.”

“அந்தச் சிரிச்ச மொகத்துக்காரவுகளா? அவுக பேசுறாப்லயே எழுதியிருக்காக.”

அங்கேதான் எனக்கு உறைத்தது. நீங்கள் எப்போது பிழை திருத்தினீர்கள்? படத்துக்குப் பெயர் போடும்போதும் காதில் விழுந்ததைத்தானே தட்டுவீர்கள்? இலையை எலை என்பீர்கள், உலகத்தை ஒலகம் என்பீர்கள். அந்த மனிதர் வாய்விட்டு ‘ஒமையா’ என்று சொல்லியும் நான் கேட்காமல் போனேனே.

enga oma என்று தட்டினேன். சோமசுந்தரம், தாமஸ், அவர்களுக்குக் கீழே omaya_1, omaya_2.

இரண்டாவது படத்தில் அந்த அம்மா பேங்க் மேனேஜருக்குப் பயந்ததுபோல் விறைப்பாக இருந்தார். முதல் படத்தில் பல் தெரியச் சிரித்துக்கொண்டிருந்தார். மாரிமுத்து உட்கார்ந்துவிட்டார்.

“அவுகதான் ஏதோ சொல்லிச் சிரிக்க வச்சாக. பேங்க்ல சிரிச்ச போட்டா வாங்க மாட்டாகன்னு திரும்ப எடுத்தாக. இத அப்பவே அழிச்சிருப்பாகன்னுல்ல நெனச்சேன்.”

நீங்கள் ஏன் அழிக்கவில்லை மச்சான்? அப்படி என்னதான் சொல்லி அவரைச் சிரிக்க வைத்தீர்கள்? மாரிமுத்துவிடம் கேட்டேன். அவருக்கும் ஞாபகமில்லை.

பெரிதாக பிரிண்ட் போட்டு, ஃபிரேம் மாட்டிக் கையில் கொடுத்தேன். ரெண்டு மணி பஸ்ஸில் ஜன்னலோரம் உட்கார்ந்து, படத்தை மடியில் வைத்துக்கொண்டு போனார். இன்று காலை நானும் உங்கள் தங்கச்சியும் கல்யாணத்துக்குப் போய் வந்தோம். அந்தப் பெண் அழும் என்று நினைத்தேன். அழவில்லை. “எங்க ஆத்தா சிரிக்கிது பாருங்க” என்று வந்தவர்களையெல்லாம் கையைப் பிடித்து இழுத்துக் காட்டியது. தாலி கட்டும்போதும் அந்தப் படத்தைத்தான் பார்த்துக்கொண்டிருந்தது.

மச்சான், ஒன்றை ஒளிக்காமல் சொல்கிறேன். அன்றைக்கு ஆஸ்பத்திரிக்குக் காரில் ஏறும்போது நீங்கள் ‘வாரேன் மாப்ளே’ என்றுதான் சொன்னீர்கள். வரவில்லையே என்று இந்த இரண்டு வருஷமும் உங்கள் மேல் எனக்குக் கோபம். அது நேற்றோடு போய்விட்டது.

அடுத்த மாதம் புதுக் கம்ப்யூட்டர் வாங்குகிறேன். நீங்கள் வைத்த பெயர்களெல்லாம் .bashrc என்ற ஒரே ஃபைலில் இருக்கின்றன. அதை cp போட்டு அப்படியே எடுத்துப்போவேன். எந்த எழுத்தையும் திருத்தமாட்டேன், இது சத்தியம். தினமும் கடை சாத்தும்போது, வேண்டுமென்றே ஒரு தடவை poren என்று தட்டுவேன். நீங்கள் திட்ட வேண்டும். அதற்குப் பிறகுதான் சரியாகத் தட்டுவேன்.

வாரேன் மச்சான்.

உங்கள் தங்கச்சியைக் கட்டிக்கொண்டு,
உங்களிடமும் மாட்டிக்கொண்ட
மாப்பிள்ளை