நான்தான் உதைத்தேன்

மகனே,

செவ்வாய்க்கிழமை பயிற்சியில் பதினான்கு வயதுக் கோல்கீப்பர் ஒருவன் பந்தைத் தவறவிட்டான். பூட்ஸ் காலால் அவன் விலாவில் உதைத்தேன். விழுந்தவன் எழவில்லை. மறுபடியும் உதைத்தேன். இரண்டு எலும்புகள் முறிந்துவிட்டன.

அகாடமியைச் சீர்திருத்த வந்திருக்கும் குழு என்னை விசாரணைக்கு அழைத்தது. மேலாளர் என்னைத் தனியே இழுத்துப்போய், "கோல் கம்பத்துல மோதிட்டான்னு சொல்லிடுங்க கோச். மத்ததை நாங்க பாத்துக்கறோம்" என்றார். தலையாட்டினேன்.

வராந்தாவில் அந்தப் பையனின் அம்மா உட்கார்ந்திருந்தாள். "'நான் ஒழுங்கா பிடிக்கலம்மா, கோச் மேல தப்பில்ல'ன்னே சொல்லிட்டிருக்கான் சார்" என்றாள்.

நீயும் டாக்டரிடம் அப்படித்தான் சொன்னாய், காதிலிருந்து ரத்தம் வழிய வழிய. "படியில விழுந்துட்டேன்."

உள்ளே போனதும், "நான்தான் உதைச்சேன்" என்றேன்.

"இதுக்கு முன்னாடி வேற யாரையாவது?"

பதினொரு பேரைச் சொன்னேன். முதலில் உன்னைச் சொன்னேன்.

உன்னைக் கூப்பிடுவார்கள். அப்பனாயிற்றே என்று பார்க்காதே. நடந்ததை நடந்தபடி சொல்லிவிடு.

இனி எந்த மைதானத்திலும் கால் வைக்காத,
உன் அப்பா