அவரைப் பந்தலில் நின்ற ஆள்

சேரன்மகாதேவி,
29.12.2024, ஞாயிறு.

அன்புள்ள அத்தானுக்கு,

கோமு எழுதுவது. இங்கே நாங்கள் நலம், அங்கே நீங்கள் நலமா என்றுதான் ஆரம்பிக்க வேண்டும். ஆனால் இங்கே நலமா இல்லையா என்பதை நான் எழுதித்தான் உங்களுக்குத் தெரிய வேண்டுமா? மஸ்கட்டில் உட்கார்ந்துகொண்டு, மோட்டார் ரூம் சுவரில் மாட்டிய கேமராவில் கண்ணில் விளக்கெண்ணெய் விட்டுக்கொண்டு பார்க்கிறீர்களே. கத்திரிச் செடியில் எத்தனை பிஞ்சு நிற்கிறது என்று எனக்குத் தெரியும் முன்னே உங்களுக்குத் தெரிந்துவிடுகிறது.

போனில் பேசாமல் இதென்ன கடிதம் என்று நினைப்பீர்கள். போனில் நான் கொஞ்சம் குரலை உயர்த்தினால் "லைன் சரியில்ல கோமு" என்று வைத்துவிடுகிறீர்கள். வியாழக்கிழமையிலிருந்து நாலு தடவை அப்படி வைத்தாயிற்று. காகிதத்துக்கு லைன் கிடையாது. கடைசி வரைக்கும் படியுங்கள்.

முதலில் தோட்டத்துச் சங்கதியைச் சொல்லிவிடுகிறேன், இல்லாவிட்டால் அதைத்தான் கேட்பீர்கள். எனக்கு இந்தத் தோட்டத்தில் அப்படியொன்றும் ஆசை இருந்ததில்லை. ஒருத்திக்கு வேண்டிய காய் சந்தையில் கிடைக்காதா என்று கேட்டவள் நான். "ஆடிப்பட்டம் தேடி விதைக்கணும், விட்டுறாத" என்று நீங்கள் ஒரு வாரம் போனிலேயே உயிரை எடுத்ததால், குளத்துக் கரம்பை மண் நாலு சட்டி வாங்கிப் போட்டு, ஆடிப்பெருக்குக்கு மறுநாள் விதைத்தேன். வெண்டை, கத்திரி, சீனியவரை, ஓரத்தில் சிறுகிழங்கு, பந்தலுக்கு அவரை. அடுத்த வாரமே அந்தக் கேமராவும் வந்து சேர்ந்தது. தோட்டத்தைப் பார்க்காமல் இருக்க முடியவில்லை என்றீர்கள். பாவம், மண்மேல் அத்தனை ஆசை உள்ள மனுஷர் என்று நானும் நம்பினேன்.

ஆவணியில் வெண்டை காய்த்தது. நான் பல்கூடத் தேய்த்திருக்க மாட்டேன், போன் வந்துவிடும். கிழக்கு ஓரத்துச் செடியில் காய் முற்றுது, பறி. கத்திரி இலையில் ஓட்டை தெரியுது, வேப்பெண்ணெய் அடி. ஐப்பசி மழையில் கத்திரி வேர் அழுகிச் சாய்ந்தபோது, தண்ணீர் வடிய வாய்க்கால் வெட்டவில்லை என்று என்னைத்தான் திட்டினீர்கள். முழங்கால் தண்ணீரில் மண்வெட்டியோடு நின்றது யார் என்று கேமராவில் தெரியவில்லையா? சிறுகிழங்கு மட்டும் பிழைத்துக்கொண்டது. பொங்கலுக்கு முன்னால் தோண்டலாம்.

அவரைதான் ஏமாற்றியது. பந்தல் முழுக்கப் படர்ந்து, கார்த்திகை முடிந்தும் ஒரு பூ இல்லை, இலை மட்டும் மதமதவென்று கிடந்தது. இலையை உருவிவிட்டால்தான் பூப்பிடிக்கும், உருவு உருவு என்று பத்து நாள் படுத்தினீர்கள். எனக்கு வலது கை தோளுக்கு மேலே எழும்பவில்லை என்று புரட்டாசியிலேயே உங்களிடம் சொன்னேன். அதற்கு நீங்கள் ஒரு "அப்படியா" சொன்னீர்கள். பிறகு கேட்கவே இல்லை. வெண்டைக்காய் முற்றினால் தெரிகிற கண்ணுக்குப் பெண்டாட்டி கை தூக்க முடியாதது தெரியாது.

புதன்கிழமை இரவு சிவகணேஷ் கோயம்புத்தூரிலிருந்து வந்தான். காலேஜில் பத்து நாள் லீவு, பொங்கலுக்கு விடுவார்களோ என்னவோ என்று யாரிடமும் சொல்லாமல் இப்போதே வந்தான். நான் கையைப் பிடித்துக்கொண்டு தோசை சுடுவதைப் பார்த்தான். ஏன் என்று கேட்டான். சொன்னேன். மறுநாள் விடிந்ததும் பீரோவில் கிடந்த உங்கள் நீலக்கட்டம் போட்ட சாரத்தை எடுத்துக் கட்டிக்கொண்டு, பனிக்குத் தலையில் துண்டைச் சுற்றிக்கொண்டு, பந்தலுக்குப் போய் இலையை உருவ ஆரம்பித்தான். நான் தெருவாசலில் கோலம் போட்டுக்கொண்டிருந்தேன்.

அப்போதுதான் உங்கள் அண்ணன், சங்கர் பெரியத்தான், பைக்கில் வந்து இறங்கினார். சட்டைப் பொத்தான் மாறிப் போட்டிருந்தது. தெருவில் நாலு வாசலில் பெண்கள் கோலம் போடுகிறார்கள். அத்தனை பேருக்கும் கேட்கும்படி, "கோமு, பொறவாசல்ல எவன் நிக்கான்?" என்றார். எனக்கு ஒன்றும் புரியவில்லை. கோலப்பொடிக் கிண்ணத்தோடு நின்றேன். அவர் என்னைத் தள்ளாத குறையாக உள்ளே போனார்.

உங்கள் மகன் பந்தலிலிருந்து குனிந்து வெளியே வந்தான். கை நிறைய இலை. "வாங்க பெரியப்பா" என்றான். அவர் அவனைப் பார்த்தார், என்னைப் பார்த்தார், மோட்டார் ரூம் படியில் உட்கார்ந்து தண்ணீர் கேட்டார். அதற்குள் நீங்களே திரும்பவும் அவருக்குப் போன் செய்துவிட்டீர்கள். அவனை வைத்துக்கொண்டே பெரியத்தான் சொன்னார்: "ஏலே குமரா, உம் மவன்லே அது."

அத்தான், அந்த வார்த்தையைக் கேட்க அவன் அங்கே நின்றுகொண்டிருந்தான். அது உங்களுக்குத் தெரிய வேண்டும் என்றுதான் இவ்வளவும் எழுதுகிறேன்.

திருடன் என்று பயந்துவிட்டேன் என்று பிறகு சொன்னீர்கள். திருடன் என்றால் வீட்டில் தனியாக இருக்கிற எனக்கல்லவா முதல் போன் வந்திருக்க வேண்டும்? "கோமு, கதவைச் சாத்து" என்றல்லவா சொல்லியிருக்க வேண்டும்? எனக்குத் தெரியாமல் ஆளை அனுப்பினால் அது திருடனைப் பிடிக்கவா, என்னைப் பிடிக்கவா? இருபத்தோரு வருஷம் உங்கள் வீட்டில் சோறு பொங்கியவள் நான். அங்கே இன்னும் விடிந்திருக்கவே செய்யாது. அந்நேரத்துக்கு எழுந்து அவரைப் பூவையா பார்த்துக்கொண்டிருந்தீர்கள்? இதற்கெல்லாம் உங்களை நேரில் வைத்துக் கேட்க வேண்டியது தனியாக இருக்கிறது. அதைக் கடிதத்தில் கேட்டால் என் ஆத்திரம் அடங்காது.

ஆனால் அவன் விஷயத்தை எப்படிப் பொறுக்க? வாரம் தவறாமல் வீடியோவில் பேசுகிறேனே என்பீர்கள். வீடியோவில் கழுத்துக்கு மேலேதானே பார்க்கிறீர்கள். ஒன்பதாம் வகுப்பு முடித்த லீவில் பார்த்துவிட்டுப் போனீர்கள். அந்தத் தடவைதான் இரும்பு பைப் வாங்கி இந்தப் பந்தல் போட்டது. உங்கள் உயரத்துக்கு மேலே நாலு விரல் கூட வைத்து, இனி யாரும் குனிய வேண்டாம் என்றீர்கள். அவன் உங்கள் தோளுக்கு நின்று பைப்பைப் பிடித்துக்கொண்டான். அடுத்த வருஷம் வருகிறேன் என்று போனவர், ஒரு காண்ட்ராக்ட், இன்னும் ஒரு காண்ட்ராக்ட் என்று மூன்றரை வருஷம் ஓட்டிவிட்டீர்கள். அவரை போட்டால் துவரையா முளைக்கும்? பின்னால் நின்று பார்த்தால் அதே நடை, அதே கோணல் தோள். கட்டியிருந்ததும் உங்கள் சாரம்தான். எவனோ என்று தோன்றியிருக்கிறது உங்களுக்கு.

பெரியத்தான் போன பிறகு அவன் என்னிடம் ஒன்றே ஒன்றுதான் கேட்டான். "அப்பா என்னைய யாருன்னு நெனச்சாக?" நான் அடுப்பில் பால் பொங்குகிறது என்று உள்ளே போய்விட்டேன். பால் வைக்கவே இல்லை. அவன் திரும்பப் போய் மிச்ச இலையையும் பைய உருவி முடித்தான். அன்றைக்குச் சாப்பிடவில்லை. சீனியவரையும் முருங்கைக்கீரையும் போட்டு அவனுக்குப் பிடித்த கூட்டாஞ்சோறு ஆக்கியிருந்தேன். மறுநாள் தண்ணீர் ஊற்றி நான்தான் தின்றேன்.

மோட்டார் ரூம் மூலையை மட்டும் உருவ வேண்டாம் என்று அவனிடம் சொல்லிவிட்டேன். தடித்த கொடியாக ஒன்றை இழுத்துக் கேமராவின் மேலேயே படரவிட்டது நான்தான், இடது கையால். இப்போது உங்களுக்குப் பச்சையாக மட்டும் தெரியும். ரிப்பேர் என்று யாரையும் அனுப்பிவைக்காதீர்கள். உருவின பக்கமெல்லாம் இலைக்குள் மறைந்து கிடந்த மொட்டு தெரிகிறது. அதை நான் போட்டோ எடுத்து அனுப்பப் போவதில்லை.

லீவு இன்னும் மீதி இருக்க, நேற்றுச் சாயங்காலம் அவன் புறப்பட்டுவிட்டான். படிக்கணும் என்றான். நீங்கள் அவனுக்கு எத்தனை தடவை போன் அடித்தீர்கள் என்று எனக்குத் தெரியும், அவன் எடுக்கவில்லை என்பதும் தெரியும். எடுக்கச் சொல்லி நானும் சொல்லவில்லை. போகும்போது பையைத் தோளில் போட்டுக்கொண்டு பந்தலுக்குப் போனான். பைப்பைத் தட்டிப் பார்த்தான். "மாசியில கொடி ஓஞ்சதும் இதப் பிரிச்சு அரையடி ஒசத்திப் போடணும்மா. தலை இடிக்கி. நான் வாரேன். ஆனா ஒரு ஆளாப் பத்தாது, அங்கன எதிர்ப்பக்கம் ஒருத்தர் பிடிக்கணும்" என்றான். தேங்காய் பறிக்க வருகிற டார்லினை வரச் சொல்லட்டுமா என்று கேட்டேன். வேண்டாம் என்றான். வேறு யார் என்று நான் கேட்கவில்லை, அவனும் சொல்லவில்லை.

அத்தான், அவரை தை முழுக்கக் காய்க்கும். மாசி நடுவில் ஓய்ந்துவிடும். விதைக்கு நாலு கொத்து பறிக்காமல் விட்டுவைக்கிறேன், அது நெற்றாகி வெடிக்கும் முன்னே வந்தால் சரி. பைப்பின் எதிர்ப்பக்கத்தை இந்த முறை நீங்கள் வந்து பிடியுங்கள். அவன் உங்களைவிட உயரம், அண்ணாந்துதான் பார்க்க வேண்டியிருக்கும்.

நேரத்துக்குச் சாப்பிடுங்கள். காந்திமதி அம்மை உங்களைக் கைவிடாமல் கொண்டுவந்து சேர்க்கட்டும்.

கோபம் தீராமல்,
கோமு.