தனிமையை மதிக்குமாறு

மார்ச் 4, செவ்வாய்

மறுபடியும் ஜன்னலோரம். கவுன்ட்டரில் இருந்த பெண்ணிடம் கெஞ்சி வாங்கினேன். இத்தனை வருஷம் பறந்தும் இந்த அல்பத்தனம் மட்டும் போகவில்லை.

ஊர் சுற்றலாம் என்றுதான் இந்த வேலைக்கே வந்தேன். முதலில் ஒரு சின்ன சுற்றுலா அலுவலகம். நான் கண்ணால் பார்த்திராத ஊர்களையெல்லாம் சொர்க்கம் என்று துண்டறிக்கை எழுதினேன். பிறகு ஒரு ஓட்டல். பிறகு ஊருக்கு ஊர் கிளை வைத்திருக்கும் இந்தப் பெரிய ஓட்டல் கம்பெனி. மக்கள் தொடர்பு. அதாவது, எங்கே எது உடைந்தாலும் நான் போய் இறங்கி, அது உடையாத மாதிரி எழுத வேண்டும். இந்தத் தடவை ஒரு நீச்சல்குளம். குளித்தவர்களுக்கெல்லாம் உடம்பில் தடிப்பு. விமானம் ஏறும் முன்பே அறிக்கை தயார். தீ, திருட்டு, வயிற்றுப்போக்கு, மரணம், எல்லாவற்றுக்கும் என்னிடம் அச்சு இருக்கிறது. காலி இடத்தில் பெயரைப் போட்டால் போதும்.

அம்மா போன் செய்தாள். "காலுல சக்கரம் கட்டிக்கிட்டுப் பொறந்தவளே, இப்ப எங்க இருக்க? போய் சாப்பிட்டியா?"

இன்னும் ஏறவே இல்லைம்மா என்றேன்.

"சரி, ஏறிட்டு சாப்பிடு."

மார்ச் 9, ஞாயிறு

காற்புள்ளி கூப்பிட்டார். என் மேலதிகாரிக்கு நான் வைத்த பெயர். எந்த வாக்கியத்தையும் முடிக்க விடமாட்டார்; ஒரு காற்புள்ளி போட்டு இன்னும் நீட்டச் சொல்வார்.

வெளிநாட்டு மண்டல அலுவலகத்துக்கு என்னைத் தலைமையாகப் போடுகிறார்களாம். ஒரு கண்டத்தையே என் கையில் கொடுக்கிறார்கள். "யோசிச்சு சொல்லுங்க, ஆனா, சீக்கிரமா, ஆமான்னு சொல்லுங்க."

சந்தோஷமாக இருக்க வேண்டும். நாளைக்கு அந்தச் சந்தோஷம் வருமோ என்னவோ.

மார்ச் 12, புதன்

அம்மா குளியலறையில் விழுந்துவிட்டாளாம். நினைவில்லையாம். டிக்கெட் போட்டாயிற்று.

மார்ச் 13, வியாழன்

நடுவழி விமான நிலையம். அண்ணன் போன்.

"அம்மா போயிட்டாங்கடி."

பிறகு அவன் சொன்னான்: "எல்லாருக்கும் நீயே ஒரு மெசேஜ் எழுதிப் போட்ரு. எனக்குக் கை ஓடல. அதுதானே உன் வேலை."

காபி ஆறுவதற்குள் எழுதிவிட்டேன். 'எங்கள் அன்புத் தாயார் இன்று காலமானார் என்பதை ஆழ்ந்த வருத்தத்துடன் தெரிவித்துக்கொள்கிறோம். இந்தக் கடினமான வேளையில் குடும்பத்தின் தனிமையை மதிக்குமாறு அன்புடன் கேட்டுக்கொள்கிறோம்.' சொந்தக்காரர்கள், தெருக்காரர்கள், அம்மாவோடு முன்பு வேலை பார்த்தவர்கள், எல்லோருக்கும் அனுப்பினேன். எழுத்துப்பிழை இருக்கிறதா என்று பார்த்தேன். இல்லை.

அழுகை வரவில்லை. பசித்தது. ஒரு பன் வாங்கித் தின்றேன். ஏன் பசிக்கிறது?

மார்ச் 14, வெள்ளி

முடிந்தது.

வாசலில் பந்தலுக்குக் கீழே வாடகை நாற்காலிகள் அடுக்கியது அடுக்கியபடி இருந்தன. முன்வரிசையில் அப்பா, அண்ணன், அண்ணி, எதிர்வீட்டுக்காரர். பின்னால் எண்ணி நாலு பேர். அப்பா அடிக்கொரு தரம் கேட்டைத் திரும்பிப் பார்த்தார்.

"யாருக்கும் தகவல் போகலையா?"

"போச்சுப்பா."

"எல்லாருக்குமா?"

"எல்லாருக்கும்பா."

அப்புறம் அவர் கேட்கவில்லை. நாற்காலி எடுக்க வந்தவன், "என்னங்க, பிரிக்கவே இல்லையா?" என்றான். அண்ணன் உள்ளே போய்விட்டான்.

மார்ச் 17, திங்கள்

காற்புள்ளியிடமிருந்து இரங்கல் மின்னஞ்சல். 'தங்கள் பேரிழப்பில் எங்கள் நினைவுகள் தங்களோடு…' படிக்கும்போதே எங்கேயோ பார்த்த மாதிரி இருந்தது. நான் எழுதிய அச்சுதான். ஊழியர் குடும்பத்தில் மரணம் என்றால் அனுப்புவதற்கென்று போன வருஷம் எழுதிக் கொடுத்தேன். என் பெயரைக்கூடச் சரியாகப் போட்டிருக்கிறார்கள்.

சிரிப்பு வந்தது. அதுவாவது வந்ததே.

அப்பா சாப்பாட்டைப் பிசைந்துகொண்டே, "அவ யாருக்கு என்ன குறை வெச்சா?" என்றார். என்னைப் பார்த்துச் சொல்லவில்லை, தட்டைப் பார்த்து. "ஊர்ல ஒருத்தர் படுத்தா மொத ஆளா போய் நிப்பாளே. அவளுக்கு ஒருத்தரும் வரலையே."

ஆமாம், ஏன் வரவில்லை? எனக்கும் ஆத்திரமாகத்தான் இருந்தது. எல்லாம் நன்றி கெட்டதுகள்.

மார்ச் 18, செவ்வாய்

மருந்துக்கடையில் தையல்காரம்மாவைப் பார்த்தேன். தினமும் சாயங்காலம் அம்மாவோடு நடக்கப் போய்வந்தவர். என்னைப் பார்த்ததும் முகத்தைத் திருப்பிக்கொண்டார். விடுவேனா? நேராகவே கேட்டேன். ஏன் வரலை நீங்க?

"வராதீங்கன்னு நீங்கதானேம்மா போட்டிருந்தீங்க?"

"நானா?"

"தனியா விடுங்கன்னு போட்டிருந்துச்சே. நாலஞ்சு பேர் கேட்டாங்க, போலாமான்னு. பெரிய எடத்து வழக்கம் போலருக்கு, நாம போய் நின்னா தப்பா நினைப்பாங்கன்னு சொல்லிட்டேன். மனசு கேக்காம தெருமுனை வரைக்கும் வந்தேன். அங்கருந்தே பாத்துட்டுத் திரும்பிட்டேன்." கண்ணைத் துடைத்துக்கொண்டார். "மூஞ்சியக் கூடப் பாக்கலைம்மா நான்."

ஐயோ. ஐயோ, அது சும்மா வர்ற வரி. எல்லாத்துலயும் வரும். பத்திரிகைக்காரங்க கேமராவைத் தூக்கிட்டு வந்துடக் கூடாதுன்னு போடுற வரி. எங்கம்மா வீட்டுக்கு எந்தப் பத்திரிகைக்காரன் வரப்போறான்? கை தானா அடிச்சுது. நான் யோசிக்கவே இல்லை. நான் யோசிக்கவே இல்லையே.

மார்ச் 19, புதன்

அண்ணனிடம் சொன்னேன். அவன் அந்தச் செய்தியை அன்றைக்குப் படிக்கவே இல்லையாம். நான் எழுதினால் சரியாக இருக்கும் என்று விட்டுவிட்டானாம். இப்போது படித்தான். போனை அப்பாவிடம் நீட்டினான்.

அப்பா கண்ணாடி போட்டுக்கொண்டு ஒவ்வொரு வார்த்தையாகப் படித்தார்.

"நல்லாத்தான் எழுதியிருக்க," என்றார். "யாரு வீட்டு சாவு இது?"

அண்ணன் கத்தினான். "அம்மாவுக்கே அறிக்கை விட்டியாடி?" அண்ணி அவனைப் பிடித்து இழுத்துக்கொண்டு அடுத்த தெருவிலிருக்கும் அவர்கள் வீட்டுக்குப் போனாள்.

இப்போதும் அழுகை வரவில்லை. மரத்துப் போன காலை வேறு யாரோ கிள்ளுகிற மாதிரி இருக்கிறது.

மார்ச் 23, ஞாயிறு

அண்ணன் வந்தான். அப்பாவிடம் பேசினான். போனான்.

மார்ச் 29, சனி

காற்புள்ளி இரண்டு முறை கூப்பிட்டார். எடுக்கவில்லை.

அப்பாவிடம், எல்லோருக்கும் விளக்கமாக இன்னொரு செய்தி எழுதி அனுப்பட்டுமா என்று கேட்டேன்.

"எழுதினது போதும் தாயே," என்றார். "நேர்ல போய் வாயத் தொறந்து சொல்லு."

ஏப்ரல் 2, புதன்

டவுன் பஸ். ஜன்னலோரம் கிடைத்தது. ஒன்றுவிட்ட பெரியம்மா வீட்டில் வாசலிலேயே நிறுத்திவைத்துக் கேட்டார்கள்: "என்ன, இப்பத் தனிமை தீர்ந்துச்சா?" நன்றாக வாங்கிக்கட்டிக்கொண்டேன். பிறகு உள்ளே கூப்பிட்டு டீ கொடுத்தார்கள்.

ஏப்ரல் 9, புதன்

இன்னும் மூன்று வீடு போய்ச் சொன்னேன். கண்டம் கண்டமாகப் பறந்தவளுக்கு எட்டாம் நம்பர் பஸ் எங்கே நிற்கும் என்று தெரியவில்லை. கண்டக்டர் நல்ல டோஸ் விட்டார்.

சாயங்காலம் தையல்காரம்மா வீட்டுக்கு வந்தார். அப்பாவைப் பார்த்ததும் ஓவென்று அழுதார். அப்பாவும் அழுதார். அவர் அழுது நான் பார்த்ததே இல்லை. நான் தண்ணீர் கொண்டுவந்து வைத்தேன்.

ஏப்ரல் 21, திங்கள்

வேலையை விட்டுவிட்டேன். என் விலகல் அறிவிப்பையும் என்னையே எழுதச் சொன்னார் காற்புள்ளி. எழுதினேன்: 'நான் வேலையை விடுகிறேன். அம்மா இறந்துவிட்டாள். அப்பா வீட்டில் தனியாக இருக்கிறார்.'

"இதுல, கொஞ்சம், புதிய பயணம், புதிய இலக்கு, அப்படி ஏதாவது…"

வேண்டாம் சார் என்றேன். பெட்டியைப் பரண் மேல் போட்டேன். அதைப் பார்க்கும்போது மட்டும் என்னவோ செய்கிறது. ஏறி இறங்கிய ஊர்களையெல்லாம் எனக்குப் பிடித்துத்தான் இருந்தது, பொய் இல்லை.

ஜூன் 10, செவ்வாய்

தண்ணீர் வாரியத்தில் அறிவிப்பு எழுதும் வேலை. 'தவிர்க்கவியலாத பராமரிப்புப் பணிகளின் காரணமாகக் குடிநீர் விநியோகத்தில்…' என்று நீண்டுகொண்டே போனதை அடித்துவிட்டு, 'நாளை காலை தண்ணீர் வராது. இன்றே பிடித்து வையுங்கள்' என்று எழுதிக் கொடுத்தேன்.

அதிகாரி புரட்டிப் பார்த்தார். "இவ்ளோதானாம்மா? கொஞ்சம் கனமா இருக்க வேணாமா?"

"குடம்தான் சார் கனமா இருக்கணும்."

அண்ணனிடம் சொன்னால் சிரிப்பான். அவன்தான் பேசுவதில்லையே.

செப்டம்பர் 7, ஞாயிறு

அண்ணியின் அப்பா காலையில் இறந்துவிட்டார். அண்ணன் வீட்டில் ரொம்ப நாளாகப் படுக்கையில் இருந்தவர்.

அப்பாவும் நானும் கிளம்பிக்கொண்டிருந்தபோது போன் அடித்தது. அண்ணன். மார்ச்சுக்குப் பிறகு இப்போதுதான்.

"எல்லாருக்கும் சொல்லணும். எழுதிப் போடு."

"நானா?"

"வேற யாரு?"

இவ்வளவு நேரம் பிடித்த அறிக்கை வேறு எதுவுமில்லை. எழுதி முதலில் அவனுக்கு அனுப்பினேன்: 'அண்ணியோட அப்பா போய்ட்டார். நாங்க எல்லாரும் அண்ணன் வீட்லதான் இருக்கோம். வாங்க.'

படித்துவிட்டான் என்று தெரிந்தது. பதிலாக 'போடு' என்று மட்டும் வந்தது.

செப்டம்பர் 8, திங்கள்

வந்தார்கள். பந்தல் நிறைந்து, தெருவில் நின்றார்கள். எதிர்வீட்டிலிருந்து பெஞ்சு வந்தது. பெரியம்மா வந்தார்கள், தையல்காரம்மா வந்தார். அப்பா எங்கள் வீட்டிலிருந்து இரண்டு கையிலும் நாற்காலிகளைத் தூக்கிக்கொண்டு வந்தார்.

அதைப் பார்த்ததும்தான் எனக்கு வந்தது. அப்படி ஒரு அழுகை. அம்மா, அம்மா என்று சத்தம் போட்டு அழுதேன். அண்ணி எழுந்து ஓடிவந்து, "அழாதம்மா, எங்கப்பா கஷ்டப்படாமத்தான் போனாரு," என்று என்னைக் கட்டிக்கொண்டாள். அப்பாவைப் பறிகொடுத்தவள் அவள், ஆறுதல் எனக்கு. விலகவும் தோன்றவில்லை.

அண்ணனுக்குப் புரிந்திருக்கும். கூட்டத்தை விலக்கிக்கொண்டு வந்து என் தோளில் கை வைத்தான். "உக்காருடி," என்றான்.

எங்கே உட்கார? ஒரு நாற்காலிகூடக் காலி இல்லை.