கிராணியம்மா வீட்டுக்கு வந்த கதை

அன்புள்ள மணியம் மச்சானுக்கு,

ஒரு வருஷத்துக்கு மேலாக உனக்கு எழுதவேண்டும் என்று நினைத்து நினைத்து விட்டுவிட்டேன். இப்போது எழுதாமல் இருக்க முடியவில்லை. கிராணியம்மா மறுபடி ஏலத்துக்கு வந்தாள்.

இந்தக் கடிதத்தை மற்றவர்களும் படிப்பார்கள். அதனால் உனக்குத் தெரிந்த கதையையே கொஞ்சம் சொல்லவேண்டியிருக்கிறது, பொறுத்துக்கொள். கிராணி என்பது நம் ரப்பர் தோட்டத்துக் குமாஸ்தா. அந்தப் பெயரை நாம் ஒரு படத்துக்கு வைத்தோம். இருநூறு வருஷத்துக்கும் மேல் பழைய மெசோடின்ட் அச்சுப்படம். பொய்முடி வைத்த ஒரு வெள்ளைக்காரர், கையில் பேனா, முகத்தில் நம் பெரிய கிராணி பெயர் கூப்பிடும்போது காட்டுகிற அதே கடுப்பு. நீ வீடு மாற்றும் கம்பெனியில் லாரி ஓட்டிக்கொண்டிருந்த காலத்தில், நாம் பிறந்து வளர்ந்த தோட்டத்தின் துரை பங்களாவைக் காலி செய்யப் போனாய். குப்பை என்று ஏற்றிய சாமான்களோடு இவரும் கிடந்தார். கேட்டு வாங்கி வந்து ஹாலில் மாட்டினாய். என் தங்கச்சி லெட்சுமி மூன்று நாள் உன்னோடு பேசவில்லை. "செத்துப்போன வெள்ளைக்காரன் படத்த எதுக்குலா வீட்டுல மாட்டுறாரு, நம்ம வீட்டுல செத்தவங்க பத்தாதா?" என்று என்னிடம் வந்து புலம்பினாள்.

அங்கே தொடங்கிய பைத்தியம்தான். ஞாயிற்றுக்கிழமைப் பழைய சாமான் சந்தை, ஈப்போ ஏலக்கடை, பினாங்கு ஏலக்கடை என்று என்னையும் இழுத்துக்கொண்டு அலைந்தாய். மெசோடின்ட் என்றால் என்ன என்று யார் கேட்டாலும் லாரியை ஓரங்கட்டிவிட்டு விளக்கம் சொல்வாய். "செப்புத் தகட்ட முழுக்கக் குத்திக் குத்திச் சொரசொரப்பாக்குவான். அப்படியே மை தடவி அச்சடிச்சா ஒரே இருட்டு. அப்புறம் வெளிச்சம் வேணும்கிற எடத்துல மட்டும் சுரண்டிச் சுரண்டி வழவழப்பாக்கணும். கொஞ்சம் கூடப் போனா மூஞ்சி போச்சு. பால் வெட்டுற மாதிரிதான்லா. கத்தி கட்டையத் தொட்டா மரத்துக்குக் காயம்." பதினாறு வயதில் வெட்டுக்காட்டில் இறங்கியவன் நீ. உனக்கு அது சட்டென்று பிடிபட்டதில் எனக்கு ஆச்சரியமே இல்லை. எனக்குத்தான் கடைசிவரை படம் அசலா நகலா என்று பார்க்கப் பூதக்கண்ணாடி வேண்டியிருந்தது.

பிறகு அந்தச் சனிக்கிழமை. கிராணியின் மனைவி படம் ஈப்போவில் ஏலத்துக்கு வந்தது. அதே முட்டை வடிவக் கட்டம், அதே அளவு, கீழே அதே குடும்பப் பெயர். புருஷனும் பெண்டாட்டியும் ஒருவரையொருவர் பார்ப்பதுபோல ஜோடியாகச் செய்த படங்கள். நீயோ கேமரன் மலையிலிருந்து யாருடைய கட்டில் பீரோவையோ ஏற்றிக்கொண்டு இறங்கி, சிம்பாங் பூலாயில் லாரி படுத்துக்கொள்ள, மழையில் தொப்பலாக வந்து சேர்ந்தாய். சுத்தியல் விழுந்து பத்து நிமிஷம் ஆகியிருந்தது. பினாங்குக்காரர் ஒருவர் எடுத்துப் போய்விட்டார். "ஜோடியப் பிரிச்சிட்டானுங்களே மச்சான்" என்று நீ சொன்னது இன்னும் என் காதில் இருக்கிறது. ஆஸ்பத்திரியில் கடைசி வாரத்தில்கூட அதைத்தானே சொன்னாய்? "கிராணியம்மா திரும்ப வந்தா விட்டுடாத." நான் தலையாட்டினேன். தலையாட்டியது சுலபம்.

போன மாதம் ஏலக்கடையிலிருந்து கைப்பேசிக்குப் படம் வந்தது. பினாங்குக்காரரின் பிள்ளைகள் எல்லாவற்றையும் விற்கிறார்களாம். ஏலத்துக்கு முந்தின நாள் நேரில் போய்ப் பார்த்தேன். பூதக்கண்ணாடி வைத்துப் பார்த்ததில் நகலில் தெரியும் அச்சுப் புள்ளி ஒன்றும் இல்லை, அசல். தோளில் போட்ட கறுப்பு வெல்வெட்டைப் பார்த்தால் தடவத் தோன்றும். உன் கிராணிக்கு இப்படி ஒரு பெண்டாட்டியா என்று எனக்கே பொறாமையாக இருந்தது. கூரை மாற்ற வைத்திருந்த காசை எடுத்துக்கொள்வது என்று முடிவு செய்தேன். ஒழுகினால் ஒழுகட்டும், பக்கெட் இருக்கிறது.

யாரிடமும் சொல்லவில்லை. நம் வீட்டு வழக்கம்தான் உனக்குத் தெரியுமே. காரியம் முடிகிறவரை வாயைத் திறக்கக் கூடாது. வெளியே கிளம்புகிறவரை எங்கே என்று கேட்கவும் கூடாது, கேட்டால் போகிற காரியம் விளங்காது. ஏலத்தன்று காலை, பாத்திக் சட்டை போட்டுக்கொண்டு வாசலுக்கு வந்தால், பக்கத்து வீட்டு வாசலில் லெட்சுமி நல்ல சேலை கட்டி, கைப்பையோடு நிற்கிறாள். அவள் என்னைப் பார்த்தாள், நான் அவளைப் பார்த்தேன்.

"போயிட்டு வாங்கண்ணே."

"நீயும் பாத்துப் போயிட்டு வா."

கோயிலுக்குப் போகிறாள் என்று நினைத்துக்கொண்டேன்.

ஏலத்தில் முதலில் நாலைந்து பேர் கை தூக்கினார்கள். கொஞ்ச நேரத்தில் எல்லாரும் கழன்றுகொண்டு, நானும் டெலிபோனில் ஒருவருமாக மீந்தோம். காதில் போனை வைத்துக்கொண்டு ஓரமாக நின்ற ஏலக்கடைப் பெண், நான் கை தூக்கும்போதெல்லாம் ஏதோ கிசுகிசுப்பாள், பிறகு தலையாட்டுவாள். சிங்கப்பூர்ப் பணக்காரன், இல்லாவிட்டால் லண்டன்காரன் என்று எண்ணிக்கொண்டேன். குளிர்சாதன அறையில் உட்கார்ந்துகொண்டு படத்தை நேரில்கூடப் பார்க்காமல் கேட்கிறானே என்று மனதுக்குள் அவன் பரம்பரையையே திட்டினேன். கூரைக் காசு முழுவதையும் விலை தொட்டது. அதற்கு மேலும் ஒரு தடவை கை தூக்கினேன், எந்தத் தைரியத்தில் என்று கேட்காதே. டெலிபோன் அதையும் தாண்டியது.

"லாஸ்ட் கால், அங்கிள்?" என்றார் ஏலம் போடுகிற சீனர்.

என் கை எழவில்லை மச்சான். சுத்தியல் விழுந்தது.

உன்னை ஏமாற்றிவிட்டேன் என்றுதான் தோன்றியது. வெளியே வந்து எதிரே காதர் பாய் தேநீர்க் கடைக்குள் நுழைந்தேன், ஒரு தே தாரிக் குடிக்கலாம் என்று. உள்ளே, நீ வழக்கமாக உட்காரும் மேசையில் லெட்சுமி. எதிரே தொடாத ரொட்டி சானாய். ஒரு கையில் போன், இன்னொரு கையில் முந்தானை, கண்ணைத் துடைத்துக்கொண்டு சிரித்துக்கொண்டிருந்தாள். என்னைப் பார்த்ததும் எழுந்தே விட்டாள்.

"அண்ணே, கிராணியம்மாவ எடுத்துட்டேன்லா."

நான் எதிர் நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தேன்.

"எவனோ ஒரு கருமாந்திரம் புடிச்சவன் அண்ணே, விடவே மாட்டேங்கிறான். நான் ஏத்த ஏத்த அவனும் ஏத்துறான். நல்லா இருப்பானா அவன்?"

"அந்தக் கருமாந்திரம் நான்தான்" என்றேன்.

காதர் பாய் கல்லாவில் தலையைக் கவிழ்த்துக்கொண்டு குலுங்கிக் குலுங்கிச் சிரித்தார். "ரெண்டு பேரும் அடுத்தடுத்த வாசல்லேர்ந்து கெளம்பி வந்து ஒருத்தரோட ஒருத்தர் ஏலம் கேட்டீங்களா? ஏலக்கடைக்காரனுக்கு இன்னிக்குப் பெருநாள்தான்" என்றார். லெட்சுமி என்னை அடிக்க வந்தாள், பாதியில் சிரிப்பு வந்து உட்கார்ந்துவிட்டாள். நானும் சிரித்தேன். நீ போன பிறகு நாங்கள் இரண்டு பேரும் சேர்ந்து அப்படிச் சிரித்தது அதுதான் முதல் தடவை.

விஷயம் இதுதான். உன் கைப்பேசிக்கு அவள் இன்னும் தினம் சார்ஜ் போடுகிறாள். ஏலக்கடை உனக்கும் சேதி அனுப்பியிருக்கிறது. அதைப் பார்த்து, உன் போனிலிருந்தே பதிவு செய்துவிட்டாள். ஏல ஹாலில் வந்து உட்காரக் கூச்சம், எதிர்க்கடையிலிருந்து கேட்டிருக்கிறாள். "உனக்குத்தான் இந்தப் படமெல்லாம் ஆகாதே, எதுக்குலா இவ்வளவு செலவு?" என்று கேட்டேன். மேசையைப் பார்த்துக்கொண்டே சொன்னாள்.

"ராத்திரி சோறு திங்கிறப்ப அந்த ஆளு ஒத்தையா சுவத்துல இருந்து பாக்குறாரு அண்ணே. ஒத்தையா இருக்குறது எப்படின்னு எனக்குத் தெரியும். அவருக்காவது ஆள் வரட்டுமேன்னுதான்."

தொடாமல் கிடந்த ரொட்டியை அவள் பக்கம் தள்ளினேன், மச்சான். நீயாக இருந்தால் என்ன சொல்லியிருப்பாய்?

பணம் கட்டிப் படத்தை வாங்கி வந்தோம். சட்டத்தை நான்தான் சுமந்தேன். வாசலில் என்னை நிறுத்திவிட்டு, ஆரத்தி கரைத்து வந்தாள். "வலது கால எடுத்து வச்சு வாங்கண்ணே, பொண்ணு வர்ற வீடு" என்றாள். இருநூறு வயது வெள்ளைக்காரியைக் கட்டிப்பிடித்துக்கொண்டு வலது காலை எடுத்து வைத்தேன். எதிர்வீட்டுச் சீனக் கிழவர் கதவைப் பிடித்துக்கொண்டு வேடிக்கை பார்த்தார். ஆரத்திக் குங்குமத்தைத் தொட்டு, கண்ணாடிமேல் கிராணியம்மா நெற்றியில் பொட்டும் வைத்துவிட்டாள். நீ இருந்தால் கத்தியிருப்பாய். கண்ணாடிதானே, துடைத்தால் போகும். நான் துடைக்கவில்லை.

இப்போது ஒன்று சொல்கிறேன் கேள். ரசீதை எடுத்துப் பார்த்தேன். உன் போன், உன் பதிவு அல்லவா? வாங்கியவர் என்ற இடத்தில் உன் பெயர்தான் இருக்கிறது. நான் தோற்றது உன்னிடம்தான், மச்சான். சிம்பாங் பூலாயில் லாரி நின்றால் என்ன, சுத்தியலுக்கு முன்னால் வந்து சேர்ந்துவிட்டாய்.

அடுத்து லூமுட்டில் ஒரு பழைய வீட்டைக் காலி செய்கிறார்களாம், படங்களும் இருக்கின்றனவாம். லெட்சுமிதான் தகவல் சொன்னாள், என் பூதக்கண்ணாடியையும் வாங்கி வைத்துக்கொண்டாள். இனி அவளை எதிர்க்கடையில் ஒளிந்திருக்க விடமாட்டேன். எந்த ஏலமானாலும் ஹாலில், முன்வரிசையில், அவள் பக்கத்தில் உட்கார்ந்திருப்பேன். கையை மட்டும் தூக்கமாட்டேன். இது சத்தியம்.

இப்படிக்கு,
உன் பெண்டாட்டியின் அண்ணன்,
உன்னிடம் தோற்றதில் ரொம்பச் சந்தோஷமாக இருக்கும் மச்சான்,
தனபாலன்