மன்னிக்க ஒரு ஸ்பானிஷ் வினை

மார்ச் 3
மருமகளின் கடிதம் வந்து ஒன்பது நாள். ஸ்பானிஷ்காரி. மகள்தான் போனில் மொழிபெயர்த்துச் சொன்னாள்: நான் வந்து சேர்வதற்குள் என் மகனை அடக்கம் செய்ததற்கு மன்னிப்புக் கேட்கிறாளாம். நாலு வருஷம் கழித்து. நான் விமானத்தில் இருந்தேன். இறங்கிப் போனால் ஈர மண்தான் மிச்சம்.
"ஒரு வரி பதில் போடுங்கப்பா. போனே மாத்திக் குடுத்துடும்."
"போன் மன்னிச்சா நான் மன்னிச்ச மாதிரியா? அவ பாஷையில நானே சொல்றேன்."

மார்ச் 6
பழைய புத்தகக் கடையில் ஒரு இலக்கணம் கிடைத்தது. பெர்தோனார், மன்னிப்பது. பெர்தோனோ, மன்னிக்கிறேன். பெர்தோனாஸ், மன்னிக்கிறாய். தமிழ் மாதிரியே வாலைப் பார்த்தால் ஆள் தெரிகிறது. 'தே' முன்னால் வந்தால் 'உன்னை'. தே பெர்தோனோ. அவ்வளவுதான்.

மார்ச் 7
கூட்டத்தில் ஒருவன் காலை மிதித்தாலும் இதே வினைதானாம். கால் விரலுக்கும் என் பிள்ளைக்கும் ஒரே சொல்லா?

மார்ச் 15
ஞாயிறு. மருமகள் அழைத்தாள். எடுக்கவில்லை. இறந்தகாலம் இன்னும் முடியவில்லை. நாற்பது வருஷம் துணி வெட்டியவன். காகிதத்தில் முழு அளவும் வரையாமல் ஒரு நாளும் கத்தரி வைத்ததில்லை.
"ரெண்டு வார்த்தைக்கு எதுக்குப்பா கோட்டு சூட்டு?" என்றாள் மகள்.

மார்ச் 22
மறுபடி அழைத்தாள். எடுக்கவில்லை. இப்போது எதிர்காலம். பெர்தோனாரே, மன்னிப்பேன். இது மட்டும் வாயில் சுலபமாக வருகிறது.

மார்ச் 29
எடுத்தேன். "பெர்தோனெமே" என்றாள். என்னை மன்னியுங்கள். உடனே புரிந்தது. மகள் பக்கத்தில் நின்று தலையாட்டினாள். வாயைத் திறந்தேன். "போர் கே நோ எஸ்பெராஸ்தே?"
ஏன் காத்திருக்கவில்லை?
இதையும் நான்தான் தேடிப் படித்து வைத்திருந்தேன். எதற்காக? உச்சரிப்பு கொஞ்சமும் பிசகவில்லை. அவள் அழுதாள். பிறகு லைன் இல்லை.
"என்னப்பா கேட்டீங்க?"
இலக்கணப் புத்தகத்தை மூடி வைத்தேன்.

ஏப்ரல் 5
அழைப்பு வரவில்லை. நானே போட்டேன். மணி அடித்து அடித்து நின்றது. தே பெர்தோனோ, தே பெர்தோனோ — யாருகிட்ட சொல்ல? தப்பு அவமேலதான். அவதான் காத்திருக்கல. அவதான்.

ஏப்ரல் 21
தபாலில் மருமகளிடமிருந்து பெரிய பெட்டி. மகனின் மூக்குக் கண்ணாடி, செருப்பு, ஏழு சட்டைகள். அவர்களுடைய கல்யாணப் படம்கூட, சட்டத்தோடு. ஒவ்வொரு சட்டைப் பையிலும் கைவிட்டுப் பார்த்தேன். கடிதம் இல்லை.